நடுப் பையில் கறுப்பு மண்

சல்லடை என்ற பட்டப்பெயரைத் தனக்கு யார் வைத்தார்கள் என்று அவள் இன்னமும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஜீப் ஓட்டுகிறவர் மேல்தான் அவளுக்கு முதல் சந்தேகம். அவள் வராந்தாவில் நடந்து போகும்போது அவர் ஒருமுறை காரணமில்லாமல் இருமியிருக்கிறார். அடுத்த சந்தேகம் வாசல் காவலாளி மேல். அவர் இருமுவதே இல்லை, அதுவும் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

பெயரில் பிழை சொல்ல முடியாது. மேய்ச்சல் நில அலுவலகத்தின் பின்கட்டில் இருக்கும் மண் அறையில் அவளுக்கு வேலையே சலிப்பதுதான். எங்கெங்கோ குழி வெட்டி எடுத்த மண் துணிப் பைகளில் வரும். அதைத் தட்டில் கொட்டிக் காயவைத்து, கட்டியை மர உருளையால் நசுக்கி, சல்லடையில் சலித்து, டப்பாவில் அடைத்து உள்ளே அனுப்ப வேண்டும். கூரைக்குக் கீழே ஒரே ஒரு ஜன்னல், அதன் கம்பியெல்லாம் தூசி. மாலையில் அவள் தலையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தால் ஊரிலுள்ள குன்றெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உதிரும்.

வீட்டிலும் அவள் சலிப்பதை நிறுத்துவதில்லை. பால்காரர் பாலை ஊற்றிவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு சொட்டை நகத்தில் விட்டு ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பாள். கடையில் தராசைத் தூக்கி அடியில் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரி புதிதாகச் சிரித்தால், எதைக் கடன் கேட்கப் போகிறாளோ என்று யோசிப்பாள். அவள் கணவர் லாரி ஓட்டியவர், வாய்க்கொழுப்புக்காரர். யார் வந்தாலும் சொல்வார்: "என்னையும் ரெண்டு தடவை சலிச்சுப் பாத்துட்டுதான் கட்டிக்கிட்டா. அப்பவும் கொஞ்சம் கப்பி இருக்குன்னுதான் சொல்லிட்டிருக்கா."

அவளைப் பார்த்து நாமும் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த அறையில் அவளுடைய சந்தேகத்துக்கு மரியாதை உண்டு. குழி வெட்டுகிறவர்கள் ஒரு குழிக்கு மூன்று பை மண் எடுக்க வேண்டும்: மேலே இருந்து ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. வெயில் கொளுத்தும்போது ஆழமாக வெட்ட யாருக்கு மனம் வரும்? சிலர் மேலாகச் சுரண்டி மூன்று பையையும் நிரப்பிவிட்டு மரத்தடியில் படுத்துவிடுவார்கள். சிலர் பைகளை மாற்றிக் கட்டிவிடுவார்கள். அவள் கண்ணில் அது தப்பாது. நிலம் என்றால் மேல்மண் கறுத்திருக்கும், புல்லும் வேரும் மக்கியது அங்கேதான். கீழே போகப்போக வெளுக்கும், சுண்ணாம்பு கூடும், அமிலம் ஒரு சொட்டு விட்டால் பொங்கும். இதுதான் அவள் படித்த பாடம். அடிப் பை மண் மேல்பை மண்ணைவிடக் கறுத்திருந்தால் அவள் பேசவே மாட்டாள். பையின் கழுத்தில் ஒரு சிவப்புக் கயிற்றைக் கட்டி வாசலில் வைத்துவிடுவாள். சிவப்புக் கயிறு என்றால் ஏமாற்று என்று அர்த்தம். வெட்டினவர் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி குழிக்குப் போவார். அப்படி அவள் பலரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். தன் சந்தேகம் இதுவரை பொய்த்ததில்லை என்ற எண்ணம் அவளுக்குள் வேர்விட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்படிப்பட்டவளிடம்தான் அவள் தம்பி வலிய ஒரு நல்லது செய்ய வந்தான்.

அவர்களுடைய அப்பா விட்டுப்போனது ஓடைக்கரை மேய்ச்சல் நிலம். ஓடை என்று பெயர்தான், வருஷத்தில் பெரும்பாலும் வெறும் மணல். கரை மட்டும் இரண்டு படியாக ஏறும். மணலை ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேலே ஒரு சமதளம். அது கீழ்ப்படி. அதன் முடிவில் இன்னொரு மேடு ஏறினால் பழைய, அகன்ற தளம். அது மேல்படி. மேல்படியில் கல்லும் காரையும்தான். கடப்பாரையை ஓங்கினால் ஒரு சாணுக்குக் கீழே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை டங்கென்று சத்தம் போடும். கீழ்ப்படியில் மண் மாவு போல இருக்கும், கால் வைத்தால் புதையும். சுற்றுவட்டாரமெல்லாம் காய்ந்து கருகிய பிறகும் அங்கே மட்டும் புல் பச்சையாக நிற்கும். நாலு மரமும் அங்கேதான்.

தான் உயிரோடு இருக்கும்போதே பிரித்துவிட வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். அவசரம் சல்லடைக்குத்தான் அதிகம். லாரி கவிழ்ந்ததில் கணவருக்கு ஒரு கால் பாதி போய்விட்டது. கம்பு ஊன்றித்தான் நடப்பார். இனி ஸ்டியரிங் கிடையாது. அப்பா மந்தையில் அவள் பங்குக்கு வரும் ஆடுகளை வைத்துக்கொண்டுதான் அவர் பிழைக்க வேண்டும். அந்த ஆடுகளுக்கு எந்த நிலம் கிடைக்கிறது என்பதில்தான் அந்த வீட்டின் அடுத்த காலமே இருந்தது. அவள் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பிரிக்க வந்தவர் தாய்மாமன். நியாயஸ்தர் என்று பெயர் வாங்கியவர், அந்தப் பெயரைக் காப்பாற்றப் பேச்சைக் குறைத்துக்கொண்டவர். அவர் தொண்டையைச் செருமுவதற்குள் தம்பி சொல்லிவிட்டான்: "கீழ்ப்படி அக்காவுக்கு இருக்கட்டும் மாமா. மேல்படியை நான் எடுத்துக்கிறேன்."

அவ்வளவுதான். ஏதோ ஒரு தேங்காய்த் துண்டைக் கொடுப்பதுபோலச் சொல்லிவிட்டு, ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விட்டான். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தாய்மாமன் மீசையைத் தடவிக்கொண்டார். சல்லடைக்கு மட்டும் உள்ளே மணி அடித்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் வாயெல்லாம் பல்லாக இருந்தார். நல்லதாகத்தானே கொடுக்கிறான், வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்றார். அவள் தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே அவரை முறைத்தாள்.

"நல்லதை எவனாவது சும்மா கொடுப்பானா?"

"உன் தம்பிதானே?"

"அதனாலதான் கேக்கிறேன்."

அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஓடையை மறித்து அணை கட்டப் போகிறார்களோ, அது அவனுக்குத் தெரியுமோ என்று ஒருபக்கம் ஓடியது. மேல்படி வழியாகச் சாலை வருகிறதோ? மணல் லாரிக்காரர்களிடம் ஏதாவது பேசி வைத்திருக்கிறானோ? தம்பியின் முகத்தைப் பல கோணத்தில் நினைத்துப் பார்த்தாள். சின்ன வயதில் மிட்டாயை இரண்டாக உடைத்தால் பெரிய துண்டை அவளிடம் நீட்டுகிற பிள்ளைதான் அவன். அப்போதே அவள் அந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவாள். ஒருநாளும் அதில் எதுவும் இருந்ததில்லை. ஆனாலும் மிட்டாய் வேறு, நிலம் வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கடைசியில் அவளுக்குத் தெரிந்த வழிக்கே வந்தாள். மண் பொய் சொல்லாது, அதை எடுத்துப் பார்த்துவிடுவோம். அலுவலகத்தில் ஓடைக்கரை மண் கேட்கிறார்கள் என்று தம்பியிடம் ஒரு பொய்யைச் சொன்னாள். கீழ்ப்படியில் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, மூன்று பையில் மண் எடுத்து வரச் சொன்னாள். அவன் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளே குளித்த தலையோடு மூன்று பைகளைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். பென்சில் எழுத்து அழிந்துவிடும் என்று மேல்பையில் ஒரு முடிச்சு, நடுப் பையில் இரண்டு, அடிப் பையில் மூன்று முடிச்சு போட்டிருந்தான். அவன் உள்ளங்கை கொப்புளித்திருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, இவ்வளவு மெனக்கெடுவானேன் என்று யோசித்தாள்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மண் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பைகளைப் பிரித்தாள். மேல்பை மண் வெளிர் நிறம். விரலிடுக்கில் பட்டுப்போல வழுக்கியது. நனைத்துத் திரியாக உருட்டினால் நிற்காமல் உடைந்தது. களிமண் குறைவு, வண்டலும் பொடி மணலும்தான். அமிலம் விட்டாள், சுறுசுறுவென்று பொங்கியது. அடிப் பையில் மணலும் உருண்டை உருண்டையான கூழாங்கல்லும். இரண்டையும் அவள் ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டாள்.

நடுப் பையைக் கொட்டியதும் கை நின்றுவிட்டது. கறுப்பு. நல்ல, கொழுத்த கறுப்பு. பிசைந்தால் ரவை ரவையாக உதிர்ந்தது. அமிலம் விட்டால் சத்தமே இல்லை. கிளறினாள். ஒரு கரித்துண்டு கிடைத்தது, இன்னொன்றும் கிடைத்தது. மக்கிப்போன ஆட்டுப் புழுக்கை மாதிரி ஏதோ ஒன்று விரலில் நசுங்கியது.

வெளுத்த மண்ணுக்குக் கீழே கறுத்த மண் எப்படி வரும்? அவளுடைய அத்தனை வருஷ அனுபவத்தில் வந்ததில்லை. வந்தபோதெல்லாம் அது ஏமாற்று. அந்த அறைக்கு வருகிற பைகள் குன்றிலிருந்தும் பொட்டல் காட்டிலிருந்தும் வருகிறவை என்பதோ, ஓடைக்கரை என்பது அலுவலக வரைபடத்தில் ஒரு நீலக் கோடு மட்டும்தான், அதன் பக்கத்தில் யாரும் குழி வெட்டியதே இல்லை என்பதோ அவள் நினைவுக்கு வரவில்லை. கரித்துண்டு நினைவுக்கு வந்தது. தம்பி தினமும் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் நரிக்குப் பயந்து தீ மூட்டுவான். ஆக, இது பட்டி மண். அலுவலகத்துக்கு என்று சொன்ன பொய்யை அவன் நம்பவில்லை. பட்டியிலிருந்து ஒரு கூடை அள்ளி நடுப் பையில் போட்டிருக்கிறான், கீழ்ப்படி சத்துள்ள நிலம் என்று அக்காவை நம்பவைக்க. அதையும் மேல்பையில் போட்டிருந்தால் தப்பித்திருப்பான். விவரம் போதாமல் நடுவில் போட்டு மாட்டிக்கொண்டான். அவளுக்கு உள்ளூர ஒரு திருப்தி கூட வந்தது, அதை மறைப்பானேன். பழகிய கை தானாக டிராயரைத் திறந்தது. சிவப்புக் கயிற்றை எடுத்து நடுப் பையின் கழுத்தில் இறுக்கிக் கட்டியது.

அடுத்த விடுமுறை நாளில் அம்மா வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். தாய்மாமன், அம்மா, தம்பி, தம்பி மனைவி, சல்லடை, அவள் கணவர். தம்பி மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். சல்லடை கூடையிலிருந்து சிவப்புக் கயிறு கட்டிய பையை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தாள்.

"இது பட்டி மண்ணு," என்றாள். "ஓடைக்கரையில எடுத்தேன்னு சொல்லிக் குடுத்தான். நான் இந்த வேலையிலயே தலை நரைச்சவ. என்கிட்டயேவா?"

பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். கீழ்ப்படியில் என்ன வில்லங்கம், யாரிடம் என்ன பேசி வைத்திருக்கிறான், அக்காளை ஏமாற்ற யார் சொல்லிக் கொடுத்தது. கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது கண் தம்பி மனைவி பக்கம் போனது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கணவர் கம்பின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார், எப்போதும் தயாராக இருக்கும் கிண்டல் அவர் வாயில் வரவில்லை.

தம்பி சிவப்புக் கயிற்றைப் பார்த்தான். அதற்கு என்ன அர்த்தம் என்பது அவனுக்குத் தெரியும். அக்காவின் பெருமைக் கதைகளையெல்லாம் வாய் பிளந்து கேட்டவன் அவன்தான்.

"பட்டி மண்ணை அள்ளிப் போடணும்னு எனக்கு ஏன்க்கா தோணணும்?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன்."

அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். தம்பி மனைவி டீ கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். சல்லடை இன்னும் குடிக்கவில்லை, அவளுடைய கிளாஸையும் சேர்த்துத்தான் எடுத்தாள். தாய்மாமன் இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஜெயித்துவிட்டவள்போல வீடு திரும்பினாலும் அவளுக்கு ஏதோ உறுத்தியது. சந்தேகம் உள்ளவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு, தங்கள் சந்தேகத்தையே முழுசாக நம்ப முடியாது. மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு மேடத்திடம் போனாள். மேடம் என்றால் மண் ஆய்வு அதிகாரி. பெரிய படிப்பு படித்தவர், ஆனால் மண்ணைக் கண்டால் பிள்ளைபோல மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். முகர்ந்தார். எங்கே எடுத்தது என்று கேட்டார். ஓடைக்கரை என்றதும் சிரித்துவிட்டார்.

"கயித்தை அவுத்துடுங்க. இது மாறின பை இல்ல. குன்று மேல மண்ணு அந்தந்தக் கல்லுல இருந்தே உண்டாகுது. அதுக்கு நம்ம கணக்கு சரி. ஓடைக்கரையில மண்ணு உண்டாகிறதில்ல, வந்து படியுது. ஒரு வெள்ளம் வந்து ஒரு பரப்பு வண்டலைப் போட்டுட்டுப் போகும். அப்புறம் பல காலம் சும்மா கிடக்கும். அதுல புல்லு முளைக்கும், ஆடு மேயும், தீ வைப்பாங்க, தரை கறுத்துப்போகும். பெருசா இன்னொரு வெள்ளம் வந்து அதையும் மூடிடும். இது அப்படி மூடின பழைய தரை. மேல இருக்கிறது புதுசு, வேற இடத்துச் சுண்ணாம்பையும் சேத்துக் கொண்டுவந்தது. அதான் மேல பொங்குது, கீழ பொங்கல."

நல்ல விளக்கம்தான். ஆனால் இவ்வளவு சட்டென்று எப்படிச் சொன்னார்? சல்லடை படியிறங்கும்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டாள். போன வருஷம் மேடத்தின் ஜீப் ஓடை மணலில் புதைந்தபோது தள்ளிவிட்டது யார்? அவள் தம்பிதான். ஆகா.

ஆக, தானே பார்த்தால்தான் உண்டு. விடுமுறை நாளில் ஒரு மண்வெட்டியும் காய்கறி நறுக்கும் கத்தியுமாகக் கீழ்ப்படிக்குப் போனாள். கணவரும் கம்பை ஊன்றிக்கொண்டு கூடவே வந்தார். தம்பி வெட்டிய குழி அப்படியே இருந்தது, ஆடு விழுந்துவிடாமல் சுற்றி முள் வைத்திருந்தான். அவள் முள்ளை நகர்த்திவிட்டு உள்ளே இறங்கினாள். அத்தனை ஆயிரம் பை மண்ணைச் சலித்தவள், மண் எடுத்த ஒரு குழிக்குள் இறங்குவது அதுதான் முதல் தடவை.

குழியின் சுவர் வரி வரியாக இருந்தது. மேலே வெளிர் வண்டல், அதற்குள் நூல் பிடித்தாற்போல மெல்லிய மணல் கோடுகள். இடுப்பு உயரத்தில் கறுப்புப் பட்டை. நாலு பக்கமும் ஒரே மட்டத்தில் ஓடியது. அதற்கும் கீழே கூழாங்கல். புல் வேர்கள் வெளிர் மண்ணில் சும்மா இறங்கிவந்து, கறுப்பு மண்ணுக்குள் போனதும் தாடிபோல விரிந்திருந்தன. கை வைத்தாள், இத்தனை வெயிலிலும் சில்லென்று ஈரம் இருந்தது. சுற்றிலும் கருகினாலும் இங்கே புல் ஏன் பச்சையாக நிற்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் கத்தியை எடுத்தாள். கறுப்பைச் சுவரில் பூசி வைத்திருந்தால்? முழங்கை வரைக்கும் குடைந்தாள். உள்ளேயும் கறுப்புதான்.

மேலே உட்கார்ந்திருந்த கணவர் குனிந்து பார்த்தார். "உள்ள யாராவது ஒளிஞ்சிருக்காங்களா பாரு."

அவள் ஏறி வந்து வேறொரு இடத்தில் தானே வெட்டினாள். அங்கேயும் அதே பட்டை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஓடை மணலில் இறங்கி, கரையைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் அறுத்த கரை செங்குத்தாக நின்றது. அந்தக் கறுப்புக் கோடு கரை நெடுக, வளைவு திரும்பிக் கண்ணுக்கு எட்டாத தூரம் வரை போய்க்கொண்டிருந்தது. எவனாலும் அவ்வளவு தூரம் பட்டி மண்ணை அடைக்க முடியாது. சின்ன வயதில் அந்தக் கரையில் சறுக்கி விளையாடியவள் அவள். ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

அவளுக்கு முகம் சுட்டது. தம்பி முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தாள். ஆனால் பழக்கம் லேசில் விடுமா? நாலு அடி நடப்பதற்குள் அடுத்தது முளைத்துவிட்டது. பழைய தரையை வெள்ளம் மூடியிருக்கிறது என்றால், இந்தத் தரையையும் மூடும். இது வெள்ளம் ஏறுகிற படி. மேல்படியில் அந்தப் பயமில்லை. ஆக, தம்பி பட்டி மண்ணைப் போடவில்லை, சரி. தண்ணீரில் போகிற நிலத்தை அல்லவா தலையில் கட்டப் பார்த்திருக்கிறான்!

கணவரை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு மூச்சு வாங்க மேல்படிக்கு ஏறினாள். பட்டியில் தம்பி மனைவிதான் இருந்தாள், தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சல்லடையைப் பார்த்த பிறகும் குடத்தைக் கீழே வைக்கவில்லை. வெள்ளம் வரும் என்று தெரிந்துதானே கீழ்ப்படியைக் கொடுத்தீர்கள் என்று சல்லடை நேராகவே கேட்டாள். தம்பி மனைவி தண்ணீர் முழுவதையும் ஊற்றி முடித்தாள்.

"தெரியும் அண்ணி. எல்லாருக்கும்தான் தெரியும். பெருமழை பேஞ்சா தண்ணி ஏறும். ஏறினா உங்க ஆட்டை ஓட்டிட்டு வந்து எங்க பட்டியில விட்டுக்கலாம்னு சொன்னாரு. அதுக்குத்தான் பட்டியை இந்தப் பக்கமா பெருசாக்கிட்டு இருக்காரு." காலால் புதிய வேலிக் கம்பத்தைக் காட்டினாள். "மேல்படியில புல்லு அங்கொண்ணு இங்கொண்ணு. ஆடு நாலா பக்கமும் ஓடும், பின்னாலயே ஓடணும். அண்ணனுக்குக் கால் அப்படி. கீழ்ப்படின்னா மரத்தடியில உக்காந்துக்கிட்டே பாத்துக்கலாம். வேற ஒண்ணுமில்ல."

சல்லடை அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று முனகினாள்.

"அண்ணன் எதிர்க்க அவர் காலைப் பத்தி எப்படிப் பேசறதுன்னாரு. நீங்க கேட்டப்பகூட அதனாலதான் எழுந்து போனாரு."

கீழே மரத்தடியில் கணவர் கம்பைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கைக்கெட்டிய புல்லைப் பிடுங்கி ஒரு குட்டிக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் அங்கே உட்கார்ந்திருந்த தோரணையே, காலம் காலமாக அந்த இடத்தில் உட்கார்ந்தவர் போல இருந்தது. சல்லடை மேட்டிலேயே நின்று அழுதாள். வெட்கத்தில் வந்த அழுகை அது. தம்பி மனைவி பார்க்காத மாதிரி வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

தாய்மாமன் மறுபடி ஒரு நாள் குறித்தார். அதே கூடம், அதே ஆட்கள். இந்தமுறை சல்லடை முதலில் பேசினாள். தான் சொன்னது தப்பு, அது ஓடை மண்தான், தானே வெட்டிப் பார்த்துவிட்டேன் என்றாள். எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவள் தீர்மானித்திருந்தாள். அவளைப்போன்ற ஒருத்திக்கு அது சாதாரணக் காரியமில்லை. தம்பி தரையைப் பார்த்தபடி, "தெரியும்," என்றான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவள் மனம் கேட்கவில்லை. வெறும் வாய்வார்த்தை போதாது, தம்பி விட்டுக்கொடுத்ததைவிட ஒரு பங்காவது கூடுதலாகத் தான் விட்டுக்கொடுத்தால்தான் ஆறும் என்று பட்டது. கணவரை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம், தான் வேலைக்குப் போகுமுன் ஆட்டை ஒரு நடை ஓட்டிவிட்டு வரலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக எதையும் திருப்பிப் பார்க்காமல் கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்பில் அவளுக்குக் குரல்கூட இளகிவிட்டது.

"எனக்கு மேல்படியே போதும். கீழ்ப்படியை நீயே வெச்சுக்கடா."

கணவர் திரும்பி அவளை விநோதமாகப் பார்த்தார். அம்மா முந்தானையால் கண்ணை ஒற்றினாள். அக்கா எது சொன்னாலும் தலையாட்டிப் பழகிய தம்பியின் தலை வழக்கம்போல அசையத் தொடங்கியது. பாதியில் நின்றது. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் அவனிடம் அதற்குமுன் கண்டதில்லை.

"ஏன்க்கா?"

"சும்மாதான்டா. உனக்கு இருக்கட்டும்னு."

"சும்மாவா?"

அவன் தாய்மாமன் பக்கம் திரும்பினான்.

"இன்னிக்கு முடிவு வேணாம் மாமா. மேல்படியில ஒரு குழி வெட்டிப் பாத்துட்டு அப்புறம் சொல்றேன்."

தாய்மாமன் மீசையைத் தடவினார். தம்பி மனைவி கதவோரத்தில் நின்றவள் நின்றபடியே இருந்தாள். எல்லோரும் சல்லடையைப் பார்த்தார்கள், அவள் ஏதாவது சொல்வாள் என்று. அவளிடம் பதில் இருந்தது. உள்ளத்திலிருந்து வந்த, ஒரு துளி கலப்பில்லாத பதில். ஆனால் அதையே வேறு யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.